பொட்கோரா தேவாலய வாசலில்: ஒரு பாட்டு வாத்தியாரின் கொலையும் ஸ்லோவேனியர்களின் பாட்டும்

1936 டிசம்பர் 27, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸ் முடிந்து இரண்டே நாள். இத்தாலியின் வடகிழக்கு மூலையில், சோச்சா ஆற்றின் மேற்குக் கரையில், கொரிட்சா நகரை ஒட்டி இருக்கும் ஊர் பொட்கோரா. அன்று அங்கே தேவாலயத்தில் பூசைக்குப் பாடிய குழுவை நடத்தியவர் லொய்ஸே பிராதுஷ். வயது 34. பாடிய மொழி ஸ்லோவேனியம். பூசை முடிந்து வெளியே வந்தவரை முசோலினி கட்சியின் ஆட்கள் பிடித்து, பக்கத்துக் கட்டடம் ஒன்றுக்குள் இழுத்துப் போனார்கள். பெட்ரோலும் இயந்திர எண்ணெயும் கலந்து வாயில் ஊற்றி விழுங்கவைத்தார்கள்.

அந்தக் காலத்து இத்தாலியில் பாசிஸ்டுகள் தங்களுக்குப் பிடிக்காதவர்களுக்கு விளக்கெண்ணெய் ஊற்றுவது வழக்கம். கொல்வதைவிட அவமானப்படுத்துவதுதான் அதில் குறி. வயிறு கலங்கி, உடுத்திய துணியிலேயே கழிந்து, ஊர் வேடிக்கை பார்க்க அந்த ஆள் வீடு போய்ச் சேரவேண்டும். பாதிக்கப்பட்டவர் வெளியே சொல்லவும் கூசுவார். பொட்கோராவில் ஊற்றியது விளக்கெண்ணெய் அல்ல. உள்ளே போன எண்ணெய் குடலோடு நிற்கவில்லை. 51 நாள் படுக்கையில் கிடந்து, 1937 பிப்ரவரி 16 அன்று கொரிட்சா மருத்துவமனையில் பிராதுஷ் இறந்தார். மறுநாள் அவருக்கு 35 வயது நிறைந்திருக்கும்.

அவர் மருத்துவமனையில் கிடந்தபோது அவரிடம் பாட்டுப் படித்தவர்கள் ஜன்னலுக்குக் கீழே கூடி நின்று பாடினார்கள் என்று அந்தப் பக்கத்து ஸ்லோவேனியர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

ஸ்லோவேனிய இசை வரலாறு என்றதும் வேறு பல இடங்களில் தொடங்கலாம். 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பா முழுக்கப் பெயர் பெற்ற யாகோபுஸ் காலுஸ் இருக்கிறார். அக்கார்டியனோடு உலகம் சுற்றிய அவ்ஸெனிக் சகோதரர்கள் இருக்கிறார்கள். 1980களில் யூகோஸ்லாவிய அரசைக் கலங்கடித்த லைபாக் இசைக்குழு இருக்கிறது. நான் பொட்கோராவை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் ஒரே கேள்விதான். பிராதுஷ் குண்டு வைக்கவில்லை. துண்டறிக்கை ஒட்டவில்லை. அதே பகுதியில் ஆயுதம் எடுத்த டிகர் என்ற ரகசிய இயக்கம் 1927 முதலே இருந்தது. அதன் ஆட்களில் நான்கு பேரை 1930 செப்டம்பர் 6 அன்று துறைமுக நகரான ட்ரியெஸ்தே அருகே பசோவிட்சா வெளியில் நிறுத்தி இத்தாலிய அரசு சுட்டுக்கொன்றது. அது ஆயுதத்துக்கு ஆயுதம், புரிகிறது. தேவாலயத்தில் சோப்ரானோ என்ற உச்சக் குரலையும் பேஸ் என்ற அடிக்குரலையும் ஒத்துப்போக வைத்துக்கொண்டிருந்த ஒரு மனிதர் மேல் ஏன் இவ்வளவு கோபம்?

பாட்டுக்கு முன்னால் வாசிப்பு

பதிலைத் தேடினால் 1861க்குப் போகவேண்டும். ஸ்லோவேனியர்களுக்கு அப்போது தனி அரசு கிடையாது. ஆஸ்திரியப் பேரரசுக்குள் நான்கைந்து மாகாணங்களில் சிதறிக் கிடந்தார்கள். நகரத்தில் ஜெர்மனோ இத்தாலியமோ பேசினால்தான் மரியாதை. அந்த ஆண்டு ட்ரியெஸ்தேயிலும் மாரிபோரிலும் லியூப்லியானாவிலும் சிதால்னிட்சா என்ற சங்கங்கள் தொடங்கின. சொல்லுக்கு நேர்பொருள் வாசகசாலை. பத்திரிகை படிக்கக் கூடிய இடந்தான். ஆனால் மாலையில் ஆள் சேரவேண்டும் என்றால் பத்திரிகை போதாது. அதனால் நாடகம், உரை, அப்புறம் பாட்டு. போகப்போகப் பாட்டுதான் முன்னுக்கு வந்தது.

இதற்குச் சரியாக ஓராண்டு முன்னால், 1860இல், வியன்னாவில் படித்துக்கொண்டிருந்த தவோரின் யென்கோ ஸ்லாவியர்களைக் கொடிபிடித்து முன்னேறச் சொல்லும் ஒரு பாட்டுக்கு மெட்டமைத்திருந்தார். இன்று ஸ்லோவேனிய ராணுவத்தின் பாட்டு அதுதான். இதே யென்கோ பிறகு செர்பியாவுக்குப் போய் அங்கத்துத் தேசிய கீதத்துக்கும் மெட்டமைத்தார்! 1872இல் லியூப்லியானாவில் கிளாஸ்பெனா மாட்டிட்சா என்ற இசைச் சங்கம் வந்தது. பாட்டுப் பள்ளி, பெரிய பாடகர் குழு, பாட்டுப் புத்தகப் பதிப்பு எல்லாம் அதன் குடையின்கீழ் வந்தன.

ஏன் குழுப்பாட்டு? ஆர்கெஸ்ட்ரா வேண்டுமென்றால் கருவி வேண்டும், காசு வேண்டும், படித்த கலைஞர்கள் வேண்டும். ஓபரா என்றால் ஓர் அரங்கும் ஒரு பிரபுவும் வேண்டும். ஸ்லோவேனியர்களில் பெரும்பாலோர் விவசாயிகள். பிரபு எல்லாம் ஜெர்மன்காரர். தொண்டை மட்டும் சொந்தம்.

அந்தத் தொண்டைக்கு ஏற்கெனவே பழக்கமும் இருந்தது. ஸ்லோவேனியக் கிராமங்களில் தனியாகப் பாடுவது குறைவு. மாலையில் லிண்டன் மரத்தடியில் கூடும் இளைஞர்கள் குறிப்புத்தாள் எதுவும் இல்லாமலே பல குரலில் பாடுவார்கள். ஒருவர் பாட்டை எடுப்பார். அவர் பாடுவதற்கு 'நப்ரெய்' என்று பெயர், அதாவது முன்னால் போவது. இன்னொருவர் அதற்கு மேலே ஒரு குரல் கட்டுவார். அதற்கு 'செஸ்', மேலாகப் போவது. மற்றவர்கள் கீழே பேஸ் பிடிப்பார்கள். கவனியுங்கள், மெட்டு நடுவில் இருக்கிறது. மேலே கேட்பது அலங்காரம், கீழே இருப்பது அடித்தளம். யாரும் வகுப்பு எடுத்துச் சொல்லிக் கொடுத்ததில்லை; பக்கத்தில் நின்று கேட்டுக்கேட்டு வந்தது. தனக்கான இடத்தை ஒவ்வொருவரும் அடுத்தவரின் குரலை வைத்தே கண்டுபிடிக்கிறார்கள். ஒரு மெட்டைத் தனியொருவர் விரித்துப் பாடக் கேட்டே பழகிய நம் காதுக்கு இது புரிய கொஞ்ச நேரம் பிடிக்கும். மூன்றில் ஒரு குரலைப் பிடித்துவிட்டால் போதும், மற்ற இரண்டும் தானாகப் பிரிந்து கேட்கும்.

மூன்று ஸ்லோவேனியர் சேர்ந்தால் ஒரு பாடகர் குழு என்று அவர்களே சொல்லிக்கொள்வார்கள். எல்லா இனத்தாருக்கும் இப்படி ஒரு பெருமைப் பேச்சு உண்டு. பாட்டு ரத்தத்தில் ஊறியது என்ற மாதிரிச் சொல்லில் எனக்கு நம்பிக்கை இல்லை. வாசகசாலை, தேவாலயம், பாட்டுப் புத்தகம் போட்ட சங்கம் என்று ஊர் ஊராக வேலை செய்த அமைப்புகளின் பலன் அது. அமைப்பு என்றால் அதை உடைக்கவும் முடியும். 1920களில் அதைத்தான் செய்து பார்த்தார்கள்.

ஒவ்வொரு கதவாக

முதல் உலகப் போர் முடிந்ததும் ஆஸ்திரியப் பேரரசு கலைந்தது. 1920 நவம்பர் 12 அன்று கையெழுத்தான ரப்பல்லோ உடன்படிக்கை ட்ரியெஸ்தே, கொரிட்சா, கார்ஸ்ட், விப்பாவா பள்ளத்தாக்கு எல்லாவற்றையும் இத்தாலிக்குக் கொடுத்தது. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்லோவேனியர்கள், அதாவது மொத்த இனத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு, எல்லைக்கு அந்தப் பக்கம் போனார்கள். ப்ரிமோர்ஸ்கா, கடலோர நாடு, என்று அவர்கள் அழைக்கும் பகுதி இது.

உடன்படிக்கைக்கு முன்பே அடி விழுந்துவிட்டது. ட்ரியெஸ்தே நகர நடுவில் நரோத்னி தோம் என்ற கட்டடம் இருந்தது. மாக்ஸ் ஃபாபியானி வரைந்து 1904இல் கட்டி முடித்தது. நாடக அரங்கு, ஹோட்டல், வங்கி, காபிக்கடை, இசைப் பள்ளி என ஒரே கூரையின்கீழ் ஒரு சமூகமே குடியிருந்தது. 1920 ஜூலை 13 அன்று பாசிஸ்டுகள் அதைக் கொளுத்தினார்கள். முசோலினி ஆட்சிக்கு வர அப்போது இன்னும் இரண்டு ஆண்டு இருந்தது.

ஆட்சிக்கு வந்த பிறகு தீ தேவைப்படவில்லை, சட்டம் போதுமாக இருந்தது. கல்வி அமைச்சர் ஜொவான்னி ஜென்டிலேயின் 1923 சீர்திருத்தம் பள்ளியில் இத்தாலிய மொழி மட்டும் என்றது. முதல் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஸ்லோவேனியம் விலக்கப்பட்டது. 1928 வாக்கில் பள்ளியில் அந்த மொழி அறவே இல்லை. 1927இல் சங்கங்களைக் கலைக்கும் உத்தரவு வந்தது. வாசகசாலை, நாடகக் குழு, விளையாட்டுச் சங்கம், பாடகர் குழு, ட்ரியெஸ்தேயின் கிளாஸ்பெனா மாட்டிட்சா எல்லாம் போயின. அதே ஆண்டு குடும்பப் பெயர்களிலும் கைவைத்தார்கள். லொய்ஸே பிராதுஷ் அரசாங்கத் தாளில் லுயீஜி பெர்தோசி ஆனார்.

மிச்சம் இருந்தது தேவாலயம். 1929இல் வாத்திக்கனோடு ஒப்பந்தம் செய்துகொண்ட முசோலினிக்குப் பூசைக்குள் நேரடியாகப் புகுவது அவ்வளவு சுலபமாக இல்லை. மறையுரை, ஞானோபதேசம், பாட்டு மூன்றும் அந்த ஊர் மக்களின் மொழியிலேயே தொடர்ந்தன. கொரிட்சா பேராயர் பிரான்சிஷெக் செதேய் இதில் விட்டுக்கொடுக்கவில்லை. மேலிருந்து வந்த அழுத்தத்தில் 1931இல் பதவியைத் துறந்தார், அதே ஆண்டு இறந்தும் போனார். பக்கத்தில் உள்ள பெனெச்சியாப் பகுதியில் 1933இல் தேவாலயத்துக்குள்ளும் ஸ்லோவேனியத்துக்குத் தடை வந்தது. கடைசிக் கதவும் ஆடத் தொடங்கியது.

செதேய் கொடுத்த வேலை

பிராதுஷ் ஆசிரியர் வேலைக்குப் படித்தவர். மறைமாவட்டத்தின் ஸ்லோவேனியப் பாடகர் குழுக்களைக் கவனித்துப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தவர் செதேய்தான். வேலை கேட்க எளியது. ஊர் ஊராகப் போகவேண்டும். அங்கே ஆர்கன் வாசிப்பவரைத் தேற்றவேண்டும். குழு இல்லாத ஊரில் குழு சேர்க்கவேண்டும்.

பாட்டுச் சொல்லிக் கொடுப்பது எப்படி நடக்கும் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். நான்கு குரலுக்கும் தனித்தனியாகப் பயிற்சி. இசைக்கவையைத் தட்டிக் காதருகே வைத்துச் சுருதி எடுத்து, ஒவ்வொரு குரலுக்கும் அதன் தொடக்கச் சுரத்தை முனகிக் காட்டவேண்டும். பிறகு சொல்லைப் பிரித்து உச்சரிக்கவைக்க வேண்டும், ஏனென்றால் இருபது பேர் ஒரே மெய்யெழுத்தை ஒரே நேரத்தில் முடிக்காவிட்டால் பாட்டு பிசிறடிக்கும். ஒரே வரியைப் பத்துத் தடவை, இருபது தடவை. இப்போது 1930களின் ப்ரிமோர்ஸ்காவை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குழுவில் நிற்கும் பதினைந்து வயதுப் பையன் பள்ளியில் இத்தாலியம் மட்டுமே எழுதிப் படித்தவன். வீட்டில் பேசும் மொழியை எழுத்தில் பார்த்ததே குறைவு. அவன் கையில் இருக்கும் பாட்டுத் தாள்தான் அவன் தாய்மொழிப் பாடநூல். எழுத்துக்கூட்டி வாசிக்கிறான், திருத்தமாக உச்சரிக்கிறான், மனப்பாடமும் செய்கிறான். வாரத்துக்கு இரண்டு மாலை, சம்பளம் இல்லாமல், வருகைப் பதிவு இல்லாமல்.

ஆட்சியாளர்கள் மூடிய பள்ளிகள் இப்படிப் பாட்டு என்ற பெயரில் மறுபடி திறந்துகொண்டன. எந்தச் சட்டத்தையும் மீறவில்லை என்பதுதான் அவர்களை வெறியேற்றியிருக்கும் என்று நினைக்கிறேன். டிகர் ஆளைப் பிடித்தால் வழக்குப் போடலாம், சுடலாம், பத்திரிகையில் பயங்கரவாதி என்று எழுதலாம். கிறிஸ்துமஸ் பாட்டு சொல்லிக் கொடுத்தவர்மேல் எந்த வழக்கைப் போடுவது? வழக்குக்கு வழியில்லாத இடத்தில் எண்ணெய்ப் பாத்திரம் வந்தது.

ஒன்றைக் கவனமாகச் சொல்லவேண்டும். பிராதுஷைத் தியாகி என்ற ஒற்றைச் சொல்லில் அடைத்து மாலை போட்டுவிட்டால், அவர் செய்த வேலை மறைந்துவிடுகிறது. அவரைக் கொன்றவர்கள் மருத்துவமனையில் செத்த மனிதரைக் கண்டு பயப்படவில்லை. செவ்வாய்க்கிழமை மாலை ஆல்டோ என்ற தாழ்ந்த பெண்குரலின் வரியைத் திருத்திக்கொண்டிருந்தவரைக் கண்டு பயந்தார்கள். அவரை நினைவுகூரும் விழாக்கள் பலவும் கடைசி 51 நாளைப் பேசிவிட்டு முந்தைய ஆண்டுகளைத் தாண்டிப் போவது எனக்கு உறுத்தல்.

அதற்கப்புறம்

அச்சுறுத்தல் பலித்ததா? ஒரு வகையில் பலித்தது. பாட்டு நடத்த முன்வருபவர் தன் குடும்பத்தை நினைத்துப் பார்க்கவேண்டிய நிலை வந்தது. பிராதுஷின் மனைவி லியூப்கா ஷோர்லி, தோல்மின்காரர், கவிஞர். கையில் இரண்டு சின்னக் குழந்தைகள். 1943இல் அவரையும் பிடித்துக்கொண்டு போய்ச் சித்திரவதை செய்தார்கள். ஸ்திராவ்ஷ்சினா முகாமில் அடைத்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் இத்தாலி சரணடைந்த பிறகுதான் வெளியே வந்தார். போருக்குப் பின் ஸ்லோவேனியப் பள்ளியில் ஆசிரியராக இருந்து, கணவர் நினைவில் சானட் வகைக் கவிதைகள் எழுதி, 1993இல் காலமானார்.

மறுபக்கம் பார்த்தால், இருபது ஆண்டு அடக்கிவைத்த மொழி 1943க்குப் பிறகு பாட்டாகத்தான் முதலில் வெளியே கொட்டியது. ஸ்லோவேனியக் கெரில்லாப் படைகளில் பாடாத பிரிவே இல்லை. 1944இல் பேலா கிராயினாவில் காயம்பட்டவர்களை, கையும் காலும் இழந்தவர்களைக் கொண்டு ஒரு பாடகர் குழுவே அமைத்தார்கள். ட்ரியெஸ்தே பக்கத்தில், 1941 டிசம்பரில் ஓப்சினாவில் சுட்டுக்கொல்லப்பட்ட பொதுவுடைமையர் பிங்கோ தொமாஷிச் பெயரில் 1972இல் ட்ரியெஸ்தேயில் ஒரு கெரில்லாப் பாட்டுக் குழு உருவானது. அது இன்னும் பாடுகிறது.

இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. ஒரே ஆட்சியால் கொல்லப்பட்ட இருவர். பிராதுஷ் தேவாலயத்துக்காரர், தொமாஷிச் பொதுவுடைமைக் கட்சிக்காரர். 1947இல் இத்தாலிக்கும், ஸ்லோவேனியா அப்போது சேர்ந்திருந்த யூகோஸ்லாவியாவுக்கும் இடையே புது எல்லை வந்தபோது கொரிட்சா நகரமும் பொட்கோராவும் இத்தாலியில் தங்கின. நகரத்தின் கிழக்கு ஓரம் யூகோஸ்லாவியாவுக்குப் போய், அங்கே நோவா கொரிட்சா என்று புது ஊரே கட்டினார்கள். யூகோஸ்லாவியப் பக்கத்தில் கெரில்லாப் பாட்டு மேடையேறியது, தேவாலயப் பாட்டு தேவாலயத்துக்குள்ளேயே நின்றது. இத்தாலியப் பக்கத்தில் ஸ்லோவேனியர்களே இரண்டு முகாமானார்கள். சின்ன ஊரான கொரிட்சாவில் அவர்களுக்கு இரண்டு அரங்கு: கத்தோலிக்கர்களுக்கு லொய்ஸே பிராதுஷ் பண்பாட்டு மையம், இடதுசாரிகளுக்குக் குல்தூர்னி தோம். இசைப் பள்ளிகூட இரண்டு. எமில் கோமெல் பெயரில் ஒன்று, கிளாஸ்பெனா மாட்டிட்சாவின் கிளை இன்னொன்று. வெளியாள் பார்த்தால் சிரிப்பு வரும். உள்ளே இருப்பவர்களுக்கு யார் எந்த வாசலில் நுழைகிறார் என்பது பல காலம் கேலியாக இருக்கவில்லை.

தேசிய கீதத்தின் கதையிலும் இந்த மண்ணின் வாசம் உண்டு. கவிஞர் ப்ரான்செ ப்ரெஷெரென் 1844இல் எழுதிய 'ஸ்த்ராவ்லிட்சா' என்ற கவிதை தணிக்கையில் மாட்டி, 1848இல்தான் அச்சேறியது. 1905இல் அதற்கு நான்கு குரலில் மெட்டமைத்தவர் ஸ்தான்கோ ப்ரெமர்ல், பாதிரியார், விப்பாவா பள்ளத்தாக்கில் பிறந்தவர். ரப்பல்லோவில் இத்தாலிக்குப் போன அதே பள்ளத்தாக்கு. 1989இல் அது ஸ்லோவேனியாவின் கீதமானது. அணிவகுப்புக்கு எழுதிய மெட்டல்ல, பாடகர் குழுவுக்கு எழுதியது. கால்பந்து மைதானத்தில் ரசிகர்கள் ஒற்றைக் குரலில் கத்திப் பாடும்போது பாதி அழகு தொலைந்துபோகிறது. நான்கு குரலில், கருவி இல்லாமல் கேட்கவேண்டும்.

எரிந்த நரோத்னி தோமை ஸ்லோவேனியச் சமூகத்திடம் திருப்பித் தருவதற்கான ஆவணம் நூறு ஆண்டு கழித்து, 2020 ஜூலை 13 அன்று, கையெழுத்தானது. இரு நாட்டு ஜனாதிபதிகளும் வந்திருந்தார்கள். 2025இல் கொரிட்சாவும் நோவா கொரிட்சாவும் சேர்ந்து ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகரமாக இருந்தன. இவை எல்லாம் மேடை, கைகுலுக்கல், புகைப்படம். எனக்குப் பெரிதாகப் படுவது இன்னொன்று. 1970 முதல் ப்ரிமோர்ஸ்காவின் பாடகர் குழுக்கள் 'ப்ரிமோர்ஸ்கா போயே', ப்ரிமோர்ஸ்கா பாடுகிறது, என்ற பெயரில் ஆண்டுதோறும் எல்லைக்கு இரு பக்கமும் ஊர் ஊராகக் கச்சேரி நடத்துகின்றன. போட்டி கிடையாது, பரிசு கிடையாது. தபால்காரர், பல் மருத்துவர், திராட்சைத் தோட்டக்காரர் என்று எல்லோரும் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு வந்து, நான்கைந்து பாட்டுப் பாடிவிட்டு, அடுத்த ஊர்க் குழு பாடுவதைக் கேட்க உட்கார்ந்துவிடுவார்கள். அதை நடத்துவோர் பட்டியலில் இத்தாலிப் பக்கத்து இடதுசாரிப் பண்பாட்டுச் சங்கங்களின் ஒன்றியமும், கொரிட்சாவின் கத்தோலிக்கக் கல்வி ஒன்றியமும், ட்ரியெஸ்தேயின் தேவாலயப் பாடகர் குழுக்களின் ஒன்றியமும் அடுத்தடுத்த வரிகளில் இருக்கின்றன.